தோட்டத்து வீட்டில் சடை நாய்: குணமும் பராமரிப்பும்

நாட்டு மாடு, வெள்ளாடு, சிறுவிடைக் கோழி பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். நாய் என்று வந்தால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பேசுவோம். ஆனால் எங்கள் கோபி பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்குப் போனால் வாசலில் முதலில் குரைப்பது வெள்ளை வெளேரென்று, வால் முதுகின் மேல் சுருண்ட சடை நாய்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பெரியவர்கள் இரண்டு பேர். துணைக்கு ஒரு சடை நாய். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். வங்கியில் ஓய்வு பெற்று மண்ணுக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு சடை நாய்களை வளர்த்திருக்கிறேன்.

"ஏனுங்க சார், இந்தக் குட்டி நாய் தோட்டத்துக்கு ஆகுமுங்களா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஆகும். ஆனால் சில விஷயங்கள் தெரிந்து வளர்க்க வேண்டும். முக்கியமாக, இயற்கை விவசாயம் செய்கிற நம் தோட்டத்தில் இந்த நாய்க்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன.

பெயர் பொமரேனியன், பிறப்பு நம் நாடு

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரம் உள்ள பகுதி. இன்று ஜெர்மனியிலும் போலந்திலும் பிரிந்து கிடக்கிறது. அங்கிருந்து வந்த நாய்தான் பொமரேனியன். 1888-ல் இங்கிலாந்து ராணி விக்டோரியா இத்தாலியில் ஒரு சிறிய பொமரேனியனை வாங்கி வந்த பிறகு, சின்ன உருவத்துக்கு மவுசு கூடியது. இன்று அசல் பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும்.

நாம் 'பாமரேனியன்' என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் அது இல்லை. இது இந்தியன் ஸ்பிட்ஸ். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகைகளிலிருந்து நம் வெயிலைத் தாங்கும்படி இங்கேயே பெருக்கப்பட்டது. சிறிய ரகம் 5 முதல் 7 கிலோ இருக்கும். 12 கிலோவுக்கு மேல் வளரும் பெரிய ரகமும் உண்டு. வெளிநாட்டு நாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த 1980, 90-களில் இது ஊரெங்கும் பரவியது. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் வரும் வெள்ளை நாய் இந்த இனம்தான். நல்ல பராமரிப்பு இருந்தால் 10 முதல் 14 வருடம் வாழும்.

குணம்

காது படு கூர்மை. கேட்டைத் தொடுவதற்கு முன்பே குரல் கொடுக்கும். ஆனால் இது தகவல் சொல்லும் நாய். ஆளை மடக்கிப் பிடிக்கும் நாய் இல்லை. காவலுக்கு ஒரு நாட்டு நாய் வெளியே, தகவலுக்குச் சடை நாய் உள்ளே என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து நல்ல ஏற்பாடு.

வீட்டில் ஒரு ஆளோடு அதிகம் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. அவர் கொத்தமல்லி பறிக்கப் போனால் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும். நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப்போட்டால் ஓயாமல் குரைத்து, மண்ணைப் பறித்து, சிடுசிடுப்பு நாயாகிவிடும். வாலைப் பிடித்து இழுக்கும் சிறு குழந்தைகளைக் கடிக்கவும் கூடும். குழந்தைகள் வந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரவில் வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும். மலையடிவாரத் தோட்டங்களில் சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. பாம்பைப் பார்த்தால் விலகாமல் நின்று குரைக்கும் குணமும் இதற்கு உண்டு. கடிபட்டால் வேர், பச்சிலை என்று நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மனிதனுக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

முடியும் வெயிலும்

இதற்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே நீளமுடி, உள்ளே பஞ்சு போன்ற குட்டைமுடி. சித்திரை வெயிலில் பாவம் என்று மொட்டை அடிக்கிறார்கள். அடிக்கக் கூடாது. அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. மழித்த இடத்தில் சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை அடிமுடி வரை சீவிவிட்டால் காற்று உள்ளே போகும். குளிப்பாட்டுவது மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஈரம் உள்ளே நின்றால் படை வரும், நன்றாகத் துவட்டுங்கள். தோட்டத்தில் திரிந்து வந்ததும் கால் விரல் இடுக்கு, காது, அக்குள் மூன்றையும் பாருங்கள். நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அங்கேதான் குத்தி நிற்கும்.

வெயில் வேளையில் நிழலும் தண்ணீரும் கட்டாயம். விடாமல் மூச்சிரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, காற்று படவைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மை. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் நாளடைவில் வாத்து கத்துவது போல இருமும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை நல்லது. முழங்கால் சில்லு நழுவுவதும் இந்த வகைக்கு உண்டு; கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், உடம்பு பெருக்க விடாதீர்கள்.

தட்டில் என்ன

வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. சோறு அல்லது களியோடு முட்டை, வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் தயிர், வெந்த பூசணி, கேரட். உப்பும் காரமும் வேண்டாம். பிஸ்கட் பழக்காதீர்கள். பல்லில் காறை கட்டி வாய் நாறுவது இந்த நாய்களின் பெரிய தொல்லை.

வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மீந்த சாம்பாரும் பிரியாணியும் அதனால்தான் ஆகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், சர்க்கரைப் பொங்கல் வைக்கும் நாளில் கவனம். சாக்லேட் ஆகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

உரக் கொட்டகையில் இருக்கும் ஆபத்து

நமக்கென்றே எழுத நினைத்த பகுதி இது. ரசாயனம் இல்லாத தோட்டம், அதனால் நாய்க்குப் பயமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

ஆமணக்குப் புண்ணாக்கு, எங்கள் பக்கம் கொட்டமுத்துப் புண்ணாக்கு என்போம், நல்ல இயற்கை உரம். ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. எண்ணெய் பிழியும்போது அது எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில் தங்குகிறது. நன்றாக வெப்பப்படுத்தினால் வீரியம் குறையும். சந்தையில் வாங்கும் மூட்டை எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று நமக்குத் தெரியாது. எலும்புத் தூளோடு கலந்து போட்டால் வாசனைக்கு நாய் தேடிப்போய்த் தோண்டித் தின்னும். பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று வாழைக்கு வைத்த இந்தக் கலவையைத் தின்று, மறுநாள் ரத்தக் கழிச்சலாகி, மூன்றாம் நாள் செத்தது. ரிசினுக்கு மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றித் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆறு கிலோ உடம்புக்குக் கொஞ்சம் போதும். ஆடு, மாடு, கோழிக்கும் இதே ஆபத்து உண்டு. நாய் இருக்கும் தோட்டத்துக்கு வேப்பம்புண்ணாக்கே மேல். ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கியே ஆகவேண்டும் என்றால் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், எலும்புத் தூளோடு கலக்காதீர்கள், போட்ட வயலுக்கு நாயை விடாதீர்கள்.

பூச்சிவிரட்டிக் கரைசலும் அப்படித்தான். எருக்கு, ஊமத்தை, அரளி ஊறும் தொட்டி திறந்து கிடந்தால் வெயிலுக்கு நாய் குடித்துவிடும். மீன் அமிலத்தின் மணம் அதை இழுக்கும். எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். பக்கத்துக் காட்டில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி

சடைக்குள் உண்ணி இருப்பது வெளியே தெரியாது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயை மட்டும் கவனித்தால் பத்தாது. வெடிப்புகளைப் பூசுங்கள், நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசுங்கள். முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழி கீழே விழும் உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். பிடித்த உண்ணியைக் கையால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும். ஆனால் அடர்ந்த முடிக்குள் முழுதாக இறங்காது, நாய் நக்கவும் செய்யும். உண்ணி அதிகமானால் மருத்துவர் எடைக்குத் தகுந்தபடி தரும் மாத்திரைதான் வழி. மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை அதே அளவில் நாய்க்குப் போடுவது உயிருக்கு ஆபத்து. தீனி எடுக்காமல், காய்ச்சலாக, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன நாள் முழுக்க மருந்து கொடுங்கள். நாய் எழுந்து ஓடுகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

தடுப்பூசி ரசாயனமா?

கூட்டங்களில் இந்தக் கேள்வி வருகிறது. "யூரியாவை விட்ட நாம ஊசி போடலாமா?" என்கிறார்கள். பூச்சிக்கொல்லி ஒன்றைக் கொல்வதற்கு அடிப்பது. வெறிநாய்த் தடுப்பூசி செயலிழந்த கிருமியைக் காட்டி, எதிர்த்து நிற்க உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் நாய்க்கும் வைத்தியம் இல்லை, மனிதனுக்கும் இல்லை. நம் வீட்டுக் குட்டி நாய் தெருநாயிடம் கடிபட்டு வந்து நம் பேத்தியின் முகத்தை நக்கும். அதனால் இதில் கொள்கை பேசக் கூடாது என்பது என் கருத்து.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கேளுங்கள். எலி உள்ள வயலில் அது அவசியம். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து அதோடு போய்விடும்.

எந்த நாய் கடித்தாலும், உங்கள் சொந்த நாயே என்றாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடத் தொடங்கி, சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள்.

வாங்கும் முன்

கணக்குப் பார்த்தே பழகியவன் என்பதால் சொல்கிறேன். குட்டியின் விலை ஒருநாள் செலவு. பத்துப் பதினாலு வருடம் தீனி, ஊசி, சீவிவிடும் நேரம், வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், இதுதான் உண்மையான செலவு. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். முடிந்தால் தாய் நாயைப் பார்த்து வாங்குங்கள். ஊசி போட்ட அட்டையைக் கேளுங்கள். கொண்டுவரும் முன் உரக் கொட்டகைக்கு ஒரு கதவு வையுங்கள், கரைசல் தொட்டிகளுக்கு மூடி போடுங்கள், பக்கத்துக் கால்நடை மருத்துவரின் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஒரு நாட்டு நாயே போதும். அதற்கும் வெறிநோய் ஊசி மட்டும் தவறக் கூடாது.