லொறியில் வீடு, பின்னால் தோணி: முதலில் நிறைக் கணக்கு

லொறிச் சசியில் தங்கும் அறை கட்டி, பின்னால் தோணியும் இழுக்கும் வாகனம் செய்வது அமெரிக்காவில் தனித் தொழில். அலைச்சறுக்குவோர் வரும் அறுகம்பை நமது மாவட்டத்திலேயே இருப்பதால், கல்முனைப் பகுதியில் லொறிக்குப் பொடி கட்டுவோர் இதன் கணக்கை அறிவது நல்லது.

அனுமதித்த மொத்த நிறை 7,500 கிலோ, வெறும் லொறி 3,000 என வைப்போம். மீதி 4,500. அறை 2,500, தண்ணீர் 500 லீற்றருக்கு 500, ஆட்களும் சாமானும் 800. தோணியுடன் ட்ரெயிலர் 2,000 என்றால், சுமார் பத்திலொரு பங்கான 200 கொக்கி வழியே லொறியில் இறங்கும். மிஞ்சுவது 500 மட்டுமே. இழுவை எல்லையைத் தனியே பாருங்கள்.

சசியை வெட்டுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெறுங்கள். முற்பணம் வாங்குமுன் கணக்குப் போடுங்கள். நிறை கூடியபின் கழற்றிக் கட்டினால் கரைவது உங்கள் முதல்தான்.