வெட்டுப்பட்ட நரம்பு மீண்டும் வளருமா?

பனையேறும் தொழிலாளி ஒருவர் பாளை சீவும்போது அரிவாள் தவறி மணிக்கட்டில் ஆழமாக வெட்டிவிடுகிறது என்று வைத்துக் கொள்வோம். மருத்துவமனையில் தையல் போடுகிறார்கள். இரண்டு வாரத்தில் தோல் ஒட்டிக் கொள்கிறது. ஆனால் சுண்டுவிரலில் ஊசியால் குத்தினாலும் அவருக்குத் தெரிவதில்லை. இன்னொருவர் மரத்திலிருந்தே விழுந்து விடுகிறார். முதுகெலும்பு முறிகிறது. எலும்பு நாளடைவில் கூடிவிடுகிறது. கால்கள் மட்டும் அசைவதில்லை. முன்னவரிடம் மருத்துவர், "நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறோம், ஆறேழு மாதம் பொறுங்கள்" என்று சொல்ல முடியும். பின்னவரிடம் அப்படிச் சொல்ல இன்றும் வழியில்லை. இரண்டு இடத்திலும் அறுந்தது நரம்புதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முதலில் நரம்பு என்பது என்ன என்று பார்ப்போம். கையில் ஓடும் ஒரு நரம்பு, பல்லாயிரம் மெல்லிய இழைகள் சேர்ந்த கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட வால். இதற்கு ஆக்ஸான் என்று பெயர். செல்லின் உடலோ தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கிறது. பாதம்வரை செல்லும் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. செல்லின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்த உடலை ஒரு தேங்காயளவு பெரிதாக்கினால், அதே விகிதத்தில் இழை 3 கிலோமீட்டர் நீளும். தேங்காய் இரணியலில் இருந்தால் இழையின் நுனி நெய்யூர்ப் பக்கம் போய் நிற்கும்! இவ்வளவு நீளமான இழைக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் அந்தச் சிறு உடலே உண்டாக்கி அனுப்புகிறது. எனவே நடுவில் வெட்டினால் வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி பட்டினியால் அழியத்தானே வேண்டும்? 1850இல் வாலர் என்ற ஆங்கில அறிஞர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து இதையே கண்டார். வெட்டுக்கு அப்பாலுள்ள இழை சில நாள்களில் துண்டு துண்டாகச் சிதைந்தது. செல் உடலோடு ஒட்டியிருந்த பகுதி பிழைத்திருந்தது.

பிழைத்த பகுதியின் நுனி துளிர்க்கிறது. ஆனால் துளிர்த்தால் மட்டும் போதுமா? போகும் வழி தெரிய வேண்டுமே! இங்கேதான் ஷ்வான் செல்கள் வருகின்றன. ஆக்ஸானைச் சுற்றி மின்கம்பியின் மேலுறைபோல் மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றி வைத்திருப்பவை இவை. இழை அழிந்த பிறகும் ஷ்வான் செல்கள் அழிவதில்லை. அவை சிதைந்த குப்பையை அகற்ற உதவுகின்றன. பிறகு வரிசையாக நின்று ஒரு குழாய்போல் வழி அமைக்கின்றன. வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கின்றன. துளிர் அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் பழைய பாதையிலேயே விரலை நோக்கிப் போகிறது.

எவ்வளவு வேகத்தில்? சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். நகம் வளரும் வேகத்தைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 செ.மீ. என்றால் 180 நாள்கள். முழங்கையில் வெட்டுப்பட்டால் 45 செ.மீ., அதாவது 450 நாள்கள். நலமான நரம்பில் செய்தி போகும் வேகம் நொடிக்குச் சுமார் 50 மீட்டர். இரண்டு வேகங்களையும் ஒரே அலகுக்கு மாற்றி வகுத்துப் பாருங்கள். செய்தியின் வேகம் வளர்ச்சியின் வேகத்தைப்போல் சுமார் 430 கோடி மடங்கு என்று வரும்.

வளரும் நுனி எதுவரை வந்திருக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக் கொண்டே போனால், நுனி உள்ள இடத்தில் 'சுர்' என்று மின் அதிர்ச்சிபோல் ஓர் உணர்வு தோன்றும். 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாப்மனும் தனித்தனியே இதை எழுதினார்கள். எதிரெதிர் அணிகளில் இருந்து, காயம்பட்டவர்களின் கைகளில் இருவரும் கண்டது ஒன்றே.

காலம் இங்கே மிக முக்கியம். நரம்பு இல்லாத தசை மெலிந்து கொண்டே போகும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குமேல் ஆகிவிட்டால், நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை பழையபடி வேலை செய்வது அரிது. தோளருகே அறுந்த நரம்பு கைவிரல் தசையைச் சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிடுவது இதனால்தான்.

ஷ்வான் செல்களே கெட்டுப் போனால் என்ன ஆகும்? தொழுநோயில் நடப்பது அதுதான். 1873இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது. அதற்குக் குளிர்ச்சியான இடமே பிடிக்கும். முழங்கையின் உட்புறம் எங்கேனும் இடித்துக் கொண்டால் சுண்டுவிரல்வரை 'சுர்' என்று இழுக்குமே, அந்த நரம்பு அங்கே தோலுக்குச் சற்றே அடியில் ஓடுகிறது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடு; தோலருகே அது குறைவு. நோய் அந்த நரம்பைத் தாக்குவதற்கு இது ஒரு காரணம். (உடல் வெப்பம் குறைவான ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கில் இக்கிருமி நன்றாகப் பெருகுவதும் இதனால்தான்.) வழியமைக்கும் செல்களே சிதைந்துவிடுவதால், நாள்பட்ட நோயில் நரம்பு மீண்டும் வளர்வதை எதிர்பார்க்க முடிவதில்லை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்ட அவர், இரண்டு உண்மைகளை நிலைநாட்டினார். ஒன்று, விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை. வலி தெரியாததால் சுட்டுக் கொண்டும் வெட்டிக் கொண்டும் சிறிது சிறிதாக இழக்கப்படுகின்றன. தூங்கும்போது எலி கடித்துகூட நோயாளிகள் விரலை இழந்திருக்கிறார்கள்! அதற்காக அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். இரண்டாவது, செத்த நரம்பை உயிர்ப்பிக்க முடியாவிட்டாலும், நோய் தொடாத நரம்பால் இயங்கும் வேறு தசையின் தசைநாணைத் திருப்பி விரலில் இணைத்தால் மடங்கிய விரல் நிமிரும். நரம்பு வராவிட்டால் தசையைக் கொண்டு வா என்ற இந்த யோசனை உண்மையில் ஒரு பொறியியல் யோசனைதான். நெம்புகோலையும் கப்பியையும் படித்த மாணவருக்கு எளிதில் விளங்கும். (நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றிய சோமர்வெல், 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் சென்றவர், பின்னாளில் இதே வேலூர்க் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார்.)

அங்கேயே மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954 ஜனவரியில் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் போயின. பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியபோது, அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். 1986இல் மறையும்வரை அவருடைய தண்டுவட நரம்புகள் வளரவில்லை.

அது ஏன்? தண்டுவடத்திலும் மூளையிலும் ஷ்வான் செல்கள் இல்லை. அங்கே மயலின் உறையைச் செய்பவை வேறு வகைச் செல்கள். 1981இல் கனடாவின் டேவிட், அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மூளைத் தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலம்போல் வைத்தார்கள். வளராது என்று கருதப்பட்ட நரம்பிழைகள் அந்தப் பாலத்தில் சில சென்டிமீட்டர் தூரம் வளர்ந்தன. மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. ஆக, குறை இழையில் மட்டும் இல்லை; மண்ணிலும் இருக்கிறது. அங்குள்ள மயலினிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பதை 1988இல் சூரிச்சில் ஷ்வாப் காட்டினார். காயத்தைச் சுற்றி உண்டாகும் தழும்பும் மற்றொரு தடை.

இரத்தக் குழாய்களுக்கும் இதில் பங்குண்டு. வெட்டுப்பட்ட கை நரம்பின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியில் ஆக்சிஜன் குறைகிறது. அதை உணரும் சில செல்கள், இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. முதலில் குழாய்கள் இடைவெளியைக் கடக்கின்றன. அவற்றைக் கொழுகொம்பாகப் பற்றிக் கொண்டு ஷ்வான் செல்கள் பின்தொடர்கின்றன. லண்டனில் நடந்த ஆய்வு 2015இல் இதை வெளிப்படுத்தியது.

மூளையின் இரத்தக் குழாய்களோ தனி வகை. 1885இல் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றியபோது எல்லா உறுப்பும் நிறம் ஏறின; மூளை மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. அங்கே நுண்குழாய்ச் சுவரின் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டியிருப்பதால், பல பொருள்கள் உள்ளே நுழைவதில்லை. நல்ல காவல்தான், ஆனால் நரம்பை வளர்க்கும் மருந்தையும் அது தடுத்துவிடுகிறது! உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, நாம் பெறும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே குழாய்கள் விரிகின்றன. குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும் என்பது புவாசேயின் விதி. ஆரம் 20 விழுக்காடு கூடினால் 1.2ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 2.07. அதாவது, சிறிது விரிந்தாலே ஓட்டம் இரு மடங்காகிறது. பாதியாகச் சுருங்கினால் பதினாறில் ஒரு பங்குதான் பாயும்.

மரத்திலிருந்து விழுந்தவரை, பக்கத்திலிருப்போர் பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவது நம் ஊர்களில் வழக்கம். முறிந்த எலும்பு அசைந்து, அதுவரை அறுபடாத தண்டுவடத்தை அறுத்துவிடக்கூடும். கழுத்தும் முதுகும் வளையாமல் பலர் சேர்ந்து, ஒரு பலகையின் மேல் படுத்த நிலையிலேயே கொண்டு செல்ல வேண்டும். அறுந்த பிறகு செய்யக்கூடியது குறைவு.

குறைவு என்றாலும் ஒன்றுமில்லை என்று ஆகாது. வெட்டுப்பட்ட கை நரம்பைத் தைத்தவுடன் நொடிக்கு 20 துடிப்புகள் வீதம் ஒரு மணி நேரம் மெல்லிய மின்சாரம் கொடுத்தால், இழைகள் வெட்டைத் தாண்டி விரைவில் புறப்படுகின்றன என்பதைக் கனடாவில் டெஸ்ஸா கார்டன் குழுவினர் முதலில் எலிகளிலும் பிறகு மனிதர்களிலும் கண்டார்கள். 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், தண்டுவடம் பழுதுபட்ட மூவருக்கு, காயத்துக்குக் கீழே தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவர்களிடம் நரம்பு முழுதும் அறுந்திருக்கவில்லை. எஞ்சிய சில இழைகளின் மெல்லிய செய்தியை மின்துடிப்பு வலுவாக்கியது. சில மாதப் பயிற்சிக்குப் பின், ஊன்றுகோலோ தாங்கியோ துணையாக, அவர்கள் சில அடிகள் நடந்தார்கள்.