மழலையர் கல்விப் படங்களும் மொழி வளர்ச்சியும்

முன்னுரை

பிறந்து ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையின் வழியாகப் பாடம் சொல்லித்தர முடியுமா? முடியும் என்று சொல்லி விற்கப்பட்டவையே மழலையர் கல்விப் படங்கள். அவற்றில் வண்ணப் பொம்மைகள் அசையும். இனிய இசை ஒலிக்கும். பொருள்களின் பெயர்கள் தெளிவாகச் சொல்லப்படும். முன்பு வீடியோ நாடாக்களாகவும் குறுந்தகடுகளாகவும் கடைகளில் விற்ற இவ்வகைப் படங்கள், இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன.

சென்ற விடுமுறையில் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவளுக்குப் பத்து மாதப் பெண் குழந்தை. அத்தான் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர், இத்தகைய படங்களை நாள்தோறும் காட்டினால் குழந்தை விரைவில் பேசும், அறிவாளியாக வளரும் என்று சொல்லியிருந்தார். "நீ சைக்காலஜிதானே படிக்கிறே? இதைக் காட்டலாமா, தம்பி?" என்று தமக்கை என்னைக் கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்ப் பேராசிரியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படங்களின் தோற்றம்

இப்படங்கள் பெருவாரியாகப் பரவியது அமெரிக்காவில். அதற்குத் தூண்டுகோலாக அமைந்த ஆராய்ச்சியொன்றை முதலில் காண்போம். 1993ஆம் ஆண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ரௌஷரும் உடன் ஆய்ந்தோரும் 36 கல்லூரி மாணவர்களைச் சோதித்தனர். பத்து நிமிடம் மொசார்ட்டின் இசையைக் கேட்டபின், இடவடிவங்களை மனத்தில் உருவகித்துப் பார்க்கும் திறனில் அம்மாணவர்கள் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அப்பயனும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களே. கைக்குழந்தைகள் அல்லர் என்பது கருதத்தக்கது.

ஆயினும், "மொசார்ட்டைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும்" என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், தம் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைநாடா வழங்க 1,05,000 டாலர் ஒதுக்குமாறு சட்டமன்றத்தைக் கேட்டார். அதே மாநிலத்தில், முன்னாள் ஆசிரியையும் இளந்தாயுமான ஜூலி ஐக்னர்-கிளார்க் என்பார் 1996இல் தொடங்கிய நிறுவனமே 'பேபி ஐன்ஸ்டீன்'. தம் வீட்டிலேயே பொம்மைகளை வைத்துப் படம் பிடித்து, கவிதையும் இசையும் பல மொழி ஒலிகளும் சேர்த்து அவர் நாடாக்களை உருவாக்கினார். 2001இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. ஒரு தாயின் முயற்சி பல கோடி டாலர் வாணிகமாயிற்று.

குழந்தை மொழியைக் கற்கும் முறை

இனி, குழந்தை எவ்வாறு மொழியைக் கற்கிறது என்பதை நோக்குவோம். கனடா நாட்டு உளவியலார் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு எளிதில் விளங்கும். இந்தி மொழியில் 'ட', 'த' என்னும் இரண்டும் வேறு வேறு ஒலிகள், தமிழிலும் அவ்வாறே. ஆங்கிலம் பேசுவோர் காதுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆனால், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தன! 10 முதல் 12 மாதங்கள் ஆனபோதோ அத்திறன் பெரிதும் மறைந்துவிட்டது. அஃதாவது, எந்த மொழிக்கும் ஆயத்தமாகப் பிறக்கும் குழந்தை, ஓராண்டுக்குள் தன்னைச் சூழ்ந்தோர் பேசும் மொழிக்கேற்பத் தன் செவியைப் பழக்கிக்கொள்கிறது.

அப்படியானால், இந்தக் காலத்தில் வேறொரு மொழியைத் திரையின் வழியாகக் கேட்கச் செய்தால் பயன் உண்டா? இவ்வினாவைச் சோதித்தவர் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெட்ரீஷியா கூல். 2003இல் வெளியான அவ்வாய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கும் வாய்ப்புத் தரப்பட்டது. ஒரு பிரிவினருடன் சீன மொழியினர் நேரில் அமர்ந்து, படப்புத்தகம் காட்டியும் பொம்மை கொடுத்தும் பேசினர். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம். மொத்தம் 12 முறை. மற்றொரு பிரிவுக்கு அதே மனிதர்கள் அவ்வாறே பேசும் படம் திரையில் காட்டப்பட்டது. வேறொரு பிரிவுக்கு ஒலி மட்டும்.

முடிவு என்ன? நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்குரிய ஒலி வேறுபாட்டை நன்கு அறிந்தன. திரையில் கண்ட குழந்தைகளும், ஒலியை மட்டும் கேட்ட குழந்தைகளும், சீன மொழியையே கேளாத குழந்தைகளைவிடச் சிறிதும் மேம்படவில்லை. பேசியவர் அவரே, பேசிய மொழியும் அதுவே. இல்லாதிருந்தது எதிரே ஓர் ஆள் மட்டுமே.

பார்ப்பது வேறு, கற்பது வேறு

"ஆனால் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கிறதே!" என்பர் பெற்றோர். உண்மைதான். திடீர் ஒளி, புதிய ஒலி, அசைவு ஆகியவற்றின் பக்கம் தலை திரும்புவது எல்லா உயிர்க்கும் இயல்பு. இரஷ்ய அறிஞர் பாவ்லவ் இதனை ஓர் அனிச்சைச் செயலாக விளக்கினார். காட்சி விரைந்து மாறுந்தோறும் குழந்தையின் கவனம் திரும்பத் திரும்ப ஈர்க்கப்படுகிறது. இதனைக் கல்வி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஜூடி டிலோஷ் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, வீட்டுப் பொருள்களின் பெயர் கற்பிக்கும் படமொன்று நான்கு வாரம் வீட்டிலேயே காட்டப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குப் படமே இல்லை. அதிலுள்ள 25 சொற்களை மட்டும் பெற்றோரிடம் கொடுத்து, அன்றாட வேலைகளினிடையே தமக்குத் தோன்றியவாறு கற்பிக்கச் சொன்னார்கள். இறுதியில் மிகுதியாகக் கற்றவர்கள் பெற்றோரிடம் கேட்ட குழந்தைகளே. படம் பார்த்த குழந்தைகள், எதுவும் கற்பிக்கப்படாத குழந்தைகளைவிட மிகுதியாக ஒன்றும் அறிந்திருக்கவில்லை. மற்றுமோர் உண்மையும் புலனாயிற்று: படம் எந்தப் பெற்றோருக்குப் பிடித்திருந்ததோ, அவர்களே தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினர். பெற்றோரின் அன்பே அவர்கள் கணிப்பைத் தவறச் செய்தது.

2007இல் ஸிம்மர்மேன், கிறிஸ்டாகிஸ், மெல்ட்ஸாஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. 8 முதல் 16 மாதக் குழந்தைகள், நாள்தோறும் இப்படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும், 6 முதல் 8 சொற்கள் குறைவாக அறிந்திருந்ததாக அதில் தெரியவந்தது. எனினும் இது பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்டறிந்த செய்தி. படம் பார்த்ததால் சொல் குறைந்ததா, பேச்சில் பின்தங்கிய குழந்தைக்குப் பெற்றோர் படத்தை மிகுதியாகக் காட்டினரா என்பதை இதனைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. எனவே, "படம் தீங்கு செய்யும்" என்று அறுதியிட்டு உரைப்பதைவிட, "படம் கற்பிக்கவில்லை" என்று கூறுவதே ஆய்வு நெறிக்கு ஏற்புடையது.

திரையில் இல்லாதது எது?

ஜார்ஜீன் ட்ராசெத், டிலோஷ் ஆகியோர் 1998இல் வெளியிட்ட சோதனையொன்று சுவையானது. அடுத்த அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்து வைப்பதை இரண்டு வயதுக் குழந்தைகள் திரையில் பார்த்தன. பின் அவ்வறைக்குள் விடப்பட்டபோது பெரும்பாலும் தேடித் தவித்தன. அதே செயலைச் சன்னல் வழியே நேரில் பார்த்த குழந்தைகளோ எளிதில் கண்டெடுத்தன. ட்ராசெத் குழுவினர் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், திரையிலிருந்தவர் முதலில் ஐந்து நிமிடம் குழந்தையுடன் உரையாடினார். அது கேட்டதற்கு விடை சொன்னார். அதன்பின் அவர் பொம்மை இருக்குமிடத்தைச் சொன்னபோது, குழந்தை அச்சொல்லை நம்பிச் சென்று எடுத்தது!

2014இல் வெளியான ரோஸ்பெரி குழுவினரின் ஆய்வும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 24 முதல் 30 மாதக் குழந்தைகள் நேரில் பேசியவரிடமும், வீடியோ அழைப்பில் பேசியவரிடமும் புதிய சொற்களைக் கற்றன. முன்பே பதிவு செய்த படத்திலிருந்து கற்கவில்லை. ஆகவே குறை கண்ணாடித் திரையில் இல்லை. குழந்தை சிரித்தால் சிரிப்பதும், சுட்டினால் நோக்குவதும், 'ங்கா' என்றால் மறுமொழி தருவதும் ஓர் ஆள் செய்யக்கூடியவை. பதிவு செய்த படம் குழந்தை இருக்கிறதா, உறங்கிவிட்டதா என்பதைக்கூட அறியாது.

வயது ஏற ஏற நிலைமை மாறும் என்பதையும் மறத்தலாகாது. 1969இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' போன்ற நிகழ்ச்சிகளால் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் எழுத்தும் எண்ணும் கற்றதுண்டு. நாம் இங்கே பேசுவது இரண்டு வயதுக்கு உட்பட்டோரைப் பற்றியே.

பின் நிகழ்ந்தவை

2006இல் குழந்தைகள் நலம் நாடும் அமைப்பொன்று, இப்படங்களின் விளம்பரங்கள் பெற்றோரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று அமெரிக்க வாணிக ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. ஆயினும் விளம்பர வாசகங்கள் மாற்றப்பட்டன. 2009இல் டிஸ்னி நிறுவனம், குறுந்தகடு வாங்கியோர் விரும்பினால் ஒன்றுக்கு 15.99 டாலர் வீதம் நான்கு வரை திரும்பப் பெறலாம் என அறிவித்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் பரிந்துரைத்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் இரண்டு வயதுக்குள் திரையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தி, உறவினருடன் எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்துள்ளது.

முடிவுரை

இவற்றையெல்லாம் தமக்கையிடம் எடுத்துச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படின்னா நான் சமைக்கிறப்ப இவளை யார் பார்த்துக்கறது?" என்று கேட்டாள். நியாயமான வினா. உதவிக்கு ஆளில்லாத தாய் சிறிது நேரம் படம் போட்டுவிட்டு உலை வைத்தால் அது குற்றமன்று. ஆனால் அது தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு. குழந்தைக்குக் கிடைக்கும் பாடம் அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருந்தால் போதும். பாடம் வேண்டுமாயின், குழந்தையை அடுக்களைக்கு எட்டவே அமர்த்தி, "இது கத்தரிக்காய், இது தக்காளி" என்று பேசிக்கொண்டே நறுக்கலாம். அது ஏதேனும் ஒலியெழுப்பினால் நிறுத்தி மறுமொழி சொல்லலாம்.

அத்தான் இரவில் அழைக்கும்போது கைபேசியைக் குழந்தையின் முன் சாத்தி வைத்துவிட்டுப் போகாமல், அருகிலிருந்து, "அப்பா பாரு, அப்பா கூப்பிடறாங்க பாரு" என்று சுட்டிக்காட்டச் சொன்னேன். அவரையும் குழந்தையின் பெயர் சொல்லி அழைத்து, அது சிரிக்கும்வரை காத்திருந்து, பின் பேசச் சொன்னேன். கடல் கடந்த தந்தையும் தன் குழந்தைக்குச் சொல் கற்பிக்க இயலும் என்பது தமக்கைக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

நம் இல்லங்களிலும் அண்டை அயலிலும் இளந்தாய்மார் பலர் உள்ளனர். தாம் படிக்காதவர் என்பதால் தம் குழந்தைக்குத் தம்மால் ஒன்றும் கற்பிக்க இயலாது என்று எண்ணி, திரையை நாடுவோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் நாள்தோறும் குழந்தையிடம் பேசும் பேச்சே முதற்பாடம் என்பதை எடுத்துரைப்பது, படிக்கும் வாய்ப்புப் பெற்ற நம் கடமையாகும்.