கேமராவுக்கு வெளி பிளாஷ்: பில் போடும் முன் கேட்க வேண்டியவை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய பின், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. அவற்றையொட்டி நம் கடைகளும் வளர்ந்தன. ஆயுத பூஜை, பாதுகாப்பு வார விழா, பணி ஓய்வுப் பாராட்டு என்று ஆலைகளிலும், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களிலும் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் இப்பகுதியில் பலர் உள்ளனர். தவணையில் டிஜிட்டல் கேமரா வாங்கியவர் அடுத்து நம்மிடம் கேட்பது பிளாஷ்தான்.

தாலி கட்டும் நேரத்தில் பிளாஷ் எரியாவிட்டால், அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது. படம் எடுத்தவருக்குக் கூலி போகும். விற்ற நமக்குப் பெயர் போகும். ஆகவே கையிருப்பில் உள்ளதைத் தள்ளிவிடாமல், கீழ்க்கண்டவற்றைக் கேட்டு விற்பது நமது கடமையாகும்.

1. எந்தக் கேமரா, எந்த மாடல்?

டி.டி.எல். என்னும் முறையில், கேமரா முதலில் பிளாஷைச் சிறிதாக எரியவிட்டு, திரும்பி வரும் ஒளியை அளந்து, தேவையான ஒளியைத் தானே முடிவு செய்கிறது. இதற்கான தொடர்புப் புள்ளிகள் ஹாட் ஷூவில் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். நிக்கான் கேமராவில் கேனன் பிளாஷை மாட்டினால் டி.டி.எல். வேலை செய்யாது. சோனி நிறுவனம் 2012-இல்தான் ஹாட் ஷூவின் அமைப்பை மாற்றியது. அதற்கு முந்தைய சோனி கேமராவுக்கு இன்றைய பிளாஷ் நேரடியாகப் பொருந்தாது.

கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் ஹாட் ஷூவின் நடுப்புள்ளியே இல்லை. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் மலிவு விலை மேனுவல் பிளாஷ் இவற்றில் எரியவே எரியாது. எனவே வாடிக்கையாளரைக் கேமராவுடன் வரச் சொல்லி, மாட்டி எரியவிட்டுப் பார்த்த பிறகே பில் போட வேண்டும்.

2. எத்தனை தூரத்துக்கு வேண்டும்?

பிளாஷின் சக்தியைக் கைடு நம்பர் என்பர். அதை அபர்ச்சர் எண்ணால் வகுத்தால், ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், பெரும்பாலும் பிளாஷ் தலையை முழுதாக ஜூம் செய்த நிலைக்கு உரியது. கேனன் 580இஎக்ஸ் பிளாஷின் கைடு நம்பர் 105 மி.மீ. ஜூமில் 58, குரூப் படத்துக்கு ஏற்ற 35 மி.மீ.யில் 36 மட்டுமே. ஐ.எஸ்.ஓ. 100-இல் அபர்ச்சர் 5.6 என்றால், முன்னதற்கு 10 மீட்டர் எட்டும். பின்னதற்கு ஆறரை மீட்டர்கூட எட்டாது. தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு உயர்த்தினால் எட்டும் தூரம் இரட்டிக்கும். இரண்டு பிளாஷ்களை ஒப்பிடும்போது ஒரே ஜூம், ஒரே ஐ.எஸ்.ஓ. அளவில் ஒப்பிட வேண்டும்.

3. எங்கே எடுக்கப் போகிறார்?

வீட்டில் வெள்ளைக் கூரையை நோக்கி ஒளியைத் திருப்பினால் முகத்தில் மென்மையாக விழும். இதற்கு மேலும் பக்கவாட்டிலும் திரும்பும் தலை தேவை. மண்டபத்தில் வண்ணக் கூரை இருந்தால் அந்த வண்ணம் முகத்தில் ஏறும். ஆலை ஷெட்டின் உயர்ந்த தகரக் கூரையிலிருந்து ஒளி திரும்பி வருவது அரிது. பளபளக்கும் உலோகப் பாகங்களை நேர் பிளாஷில் எடுத்தால் வெள்ளைத் திட்டுதான் விழும். இப்படிப்பட்டவர்க்கு, கேமராவிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்து எரிய வைக்க உதவும் ரேடியோ ட்ரிக்கரையும் காட்டலாம். ஆலைக்குள் கேமரா கொண்டு செல்ல நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதையும் நினைவூட்டுவது நல்லது.

4. பேட்டரி எது?

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். ஆனாலும் உள்தடை குறைவு என்பதால் முன்னதுதான் பிளாஷை விரைவாக மறுபடி எரியத் தயாராக்கும். நான்கு பேட்டரிகளும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் சார்ஜ் செய்தவையாக இருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலக்கலாகாது. லித்தியம் பேக் உள்ள பிளாஷ் என்றால், அந்த பேக் உதிரியாகக் கிடைக்குமா என்று நாம் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும்.

5. பழைய பிளாஷ் வைத்திருக்கிறாரா?

ஃபிலிம் காலத்துப் பிளாஷைப் புதுக் கேமராவில் மாட்டுவது ஆபத்து. கேமரா 24 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். தொடக்க கால விவிட்டார் 283 பிளாஷ்களில் 200 வோல்ட்டுக்கு மேலும் வரும். கேமராவின் மின்சுற்றே எரிந்துபோகலாம். பிளாஷை முழுதாகச் சார்ஜ் செய்து, நடுப்புள்ளிக்கும் அடியின் பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். கேமராவின் கையேட்டில் உள்ள அளவையும் பார்க்க வேண்டும்.

கொள்முதல் செய்வோர் கவனத்துக்கு: ஒரே கம்பெனிக்கான பிளாஷை மொத்தமாக வாங்கிக் குவித்தால் முதல் முடங்கும். நம் பகுதி ஸ்டூடியோக்களில் எந்தக் கேமராக்கள் உள்ளன என்று ஒரு பட்டியல் எடுத்து, அதன்படி வாங்குவதே சிக்கனம். பில்லில் பிளாஷின் சீரியல் எண்ணுடன் கேமரா மாடலையும் எழுதி வைத்தால், பின்னர் வாரண்டி கேட்டு வரும்போது வீண் வாக்குவாதம் எழாது. ஐந்து நிமிடம் விசாரித்து விற்ற சரக்கு திரும்பி வராது. வாங்கியவர் மட்டும் திரும்ப வருவார்.