பழைய வினவலில் புதிய நெடுவரிசைகள்

கேள்வி: நூலக மென்பொருள் ஒன்றில் நூல் பட்டியலைத் தரும் வினவல், வடிகட்டும் நிபந்தனைகளோடு பைத்தானில் ஏற்கெனவே உள்ளது. ஒவ்வொரு நூலுக்கும் இரவல் எண்ணிக்கை, முன்பதிவு எண்ணிக்கை ஆகிய இரு நெடுவரிசைகளை எஸ்கியூஎல்ஆல்கெமி வழியாக அதில் சேர்ப்பது எவ்வாறு? அட்டவணைகளை ஜாயின் செய்தால் கணக்கு பெருகிவிடுகிறதே?

பதில்: ஒரு நூலுக்கு 3 இரவல்களும் 2 முன்பதிவுகளும் இருக்கையில் மூன்று அட்டவணைகளையும் ஒருங்கே இணைத்தால், ஒவ்வோர் இரவலும் ஒவ்வொரு முன்பதிவோடும் சேர்ந்து 6 வரிசைகளாகிவிடுவதால், இரு எண்ணிக்கைகளும் 6 என்றே வரும். இரவல் எண்ணை ‘டிஸ்டிங்க்ட்’ இட்டு எண்ணினால் கணக்குச் சரியாகும் என்றாலும், அபராதத் தொகையைக் கூட்ட நேரும்போது அதே உத்தி சமமான இரு தொகைகளை ஒன்றாக்கிவிடும் என்பதால் அதை ஒட்டுப்போடும் வேலை என்றே கொள்ள வேண்டும்.

ஏற்ற வழி, தொடர்புறு உள்வினவல். அதாவது, வெளி வினவலின் நடப்பு வரிசையிலுள்ள நூல் எண்ணைத் தன் நிபந்தனையில் பயன்படுத்தி, ஒரேயொரு மதிப்பைத் திருப்பித் தரும் சிறு வினவல். இரவல் அட்டவணையின் நூல் எண், நூல் அட்டவணையின் எண்ணுக்குச் சமம் என்னும் நிபந்தனையோடு ‘ஃபங்க்.கவுன்ட்’ கொண்டு எண்ணும் செலக்ட் கூற்றை எழுதி, அதன்மீது ‘ஸ்கேலர்_சப்குவெரி’யை அழைத்து, ‘லேபிள்’ மூலம் பெயரிட்டு, பழைய வினவலின் ‘ஆட்_காலம்ஸ்’ வழிமுறைக்குக் கொடுத்தால் போதும்; முன்பதிவுக்கும் இவ்வாறே. 1.4 பதிப்புக்கு முன்பு இதே பணியை ‘ஆஸ்_ஸ்கேலர்’ செய்துவந்தது. வெறும் ‘சப்குவெரி’யை அழைத்தாலோ அது தனி அட்டவணையாக ஃப்ரம் பகுதிக்குள் நுழைந்து, இணைப்பு நிபந்தனை இல்லாவிடில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரே மொத்த எண்ணிக்கையையே தரும்.

‘ஆட்_காலம்ஸ்’, ஏற்கெனவே உள்ள வினவலை மாற்றாமல் புதிய வினவலொன்றையே திருப்பித் தருவதால், அதை மாறியில் ஏற்காமல் விட்டால் பிழைச்செய்தி ஏதுமின்றி நெடுவரிசைகள் காணாமற்போகும்; பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. இரவலோ முன்பதிவோ இல்லாத நூலுக்கு ‘கவுன்ட்’ 0 தரும். ‘சம்’ வெற்று மதிப்பையே தருவதால் ‘கோயலெஸ்’ தேவைப்படும். ‘குவெரி’ பாணியில் முன்பு நூல் பொருள்களாகவே வந்த விடை, இனி நூலும் இரு எண்களும் அடங்கிய தொகுதியாக வருமாதலால், அதைச் சுழற்சியில் படிக்கும் பழைய வரிகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.