டயாலிசிஸ் நோயாளிக்குத் தூக்கம் ஏன் கெடுகிறது?

டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நுழைந்ததும் எடை பார்ப்பார்கள், பிபி பார்ப்பார்கள், ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்று கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பவர் குறைவு. நோயாளியும் சொல்வதில்லை. கிட்னி போனவனுக்குத் தூக்கம் எங்கே வரும் என்று அவரே முடிவுகட்டி விடுகிறார். பொறுக்க முடியாமல் ஒருநாள் வாயைத் திறக்கும்போது கேட்பது தூக்க மாத்திரை. அங்கேதான் நிதானம் வேண்டும். தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கண்டுபிடித்தால் பலருக்கு அந்த மாத்திரையே தேவைப்படாது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் கண் அயர முடிகிறது, நடு இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுகிறார் என்றால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் திங்கட்கிழமைதானே என்று காத்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே நாள் கூடும்போது இந்த ஆபத்தும் கூடும். வாரம் இரண்டு முறை மட்டுமே செய்துகொள்பவர்களின் வீட்டார் இதில் கண்ணாக இருங்கள்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், உடம்பில் தங்கும் நீர் தூக்கத்தைக் கெடுக்கும். பகலில் காலில் இறங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறுகிறது. தொண்டை வழி குறுகுகிறது. குறட்டை வரும், நடுவில் மூச்சு நிற்கும், திணறி மறுபடி வரும். நோயாளிக்கு இது தெரியாது. காலையில் தலைவலியும் பகலில் அசதியும்தான் தெரியும். பக்கத்தில் படுப்பவர் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் பெரிய உதவி. இரவு முழுக்க மெதுவாக டயாலிசிஸ் செய்தபோது இப்படி மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்ததை டொராண்டோ மருத்துவர்கள் 2001-ல் எழுதினார்கள். அந்த வசதி நம் ஊரில் அரிது. நம் கையில் இருப்பது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் நான்கையும் நிறுத்தினாலே தாகம் அடங்கும், எடை ஏறுவது குறையும். அதற்காக 'லோ சோடியம்' உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, இதயத்துக்கு ஆபத்து.

அடுத்தது கால் உளைச்சல். என்னிடம் வருபவர்கள் அதிகம் மறைப்பது இதைத்தான், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற கூச்சத்தால். படுத்துக் கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருக்கும். காலை உதறுவார், மனைவியை அமுக்கிவிடச் சொல்வார், எழுந்து ஹாலில் நடப்பார். நடந்தால் சரியாகும், படுத்தால் மறுபடி வரும். டயாலிசிஸ் கட்டிலிலும் இதே பாடு. கால் பொறுக்காமல் நேரத்துக்கு முன்பே மெஷினை எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. இது நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மருந்து இருக்கிறது. இரும்புச் சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்பதால் ஃபெரிட்டின் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, அரிப்புக்கும் சளிக்கும் தரும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்துகள், சில மனச்சோர்வு மாத்திரைகள் இதைக் கூட்டிவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். காபாபென்டின் பலருக்குக் கேட்கும், ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. டயாலிசிஸ் நோயாளிக்கு மிகச் சிறிய அளவு போதும். பக்கத்து வீட்டு முதுகுவலிக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போட்டால் மயக்கமும் குழப்பமும் கை கால் வெட்டலும் வரும்.

அரிப்பால் விழித்திருப்பவர்கள் பாஸ்பரஸ் அளவைப் பார்க்க வேண்டும். குளித்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் தடவினால் வறட்சி குறையும்.

காலை ஷிஃப்டில் நான்கு மணி நேரமும் மெஷினில் தூங்கிவிட்டு, இரவில் தூக்கம் இல்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் அங்கே விழித்திருக்கப் பழக வேண்டும். பாட்டு, பேப்பர், பக்கத்துக் கட்டிலோடு பேச்சு எதுவானாலும் சரி. எந்த நாளானாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கவே கூடாது. மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவருக்கு அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். டயாலிசிஸ் முடிந்து பிபி இறங்கியிருக்கும் வயதானவர், இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளவும் காரணமாகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் மனசைக் கேளுங்கள். வேலை போன கவலை, பிள்ளை படிப்பு, எத்தனை நாளுக்கு இது என்ற பயம். வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும். மனநல மருத்துவரிடம் போவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூக்கம் வரட்டும் என்று பாசத்தோடு படுக்கும்முன் வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்காதீர்கள். பழத்தில் பொட்டாசியம், பாலில் பாஸ்பரஸ், இரண்டும் அவருக்கு அளவோடு இருக்க வேண்டியவை. எவ்வளவு தரலாம் என்பதை அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உணவு ஆலோசகர் சொல்வார்.