வங்கிப் பக்கம் திறக்கவில்லையா? முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்

மாதத்தின் முதல் வாரம். இருபது நாள் வெளியூரில் தங்கிவிட்டு வீடு திரும்பிய பெரியவர் ஒருவர், ஓய்வூதியம் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று அறியத் தம் மேசைக்கணினியை இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உலாவி திறக்கிறது, வங்கியின் பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதாக இல்லை’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை திரையில் நிற்கிறது. மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார். அங்கும் அதே எச்சரிக்கை.

இந்த இடத்தில் அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. கைபேசியில் ‘வங்கி உதவி எண்’ என்று தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணை அழைப்பது ஒன்று. ஐந்து நிமிடம் பொறுத்துப் பழுது எங்கே இருக்கிறது என்று தாமே ஆராய்வது மற்றொன்று. முதல் வழியில், தேடலில் வந்த எண் மோசடிக்காரர்களுடையதாக இருந்தால் வாழ்நாள் சேமிப்பே போகலாம். இரண்டாம் வழியில் பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சிறு மின்கலத்தோடு காரியம் முடிந்துவிடலாம். அந்த இரண்டாம் வழியைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

எச்சரிக்கை என்ன சொல்கிறது?

வங்கியின் இணையப் பக்கம் திறக்கும்போது, உலாவி அந்தத் தளத்திடம் ஒரு மின்னணுச் சான்றிதழைக் கேட்கிறது. ‘இத்தளம் இன்னாருடையது’ என்று உறுதிகூறும் அச்சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும்: செல்லத் தொடங்கும் நாள், காலாவதியாகும் நாள். 2020 செப்டம்பருக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்களின் ஆயுள் 398 நாள்களுக்கு மேல் இருந்தால் முன்னணி உலாவிகள் ஏற்பதில்லை. எனவே சான்றிதழ்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன.

இதைக் காசோலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காசோலை அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். வருங்காலத் தேதியிட்ட காசோலைக்கு அந்த நாள் வரும்வரை பணம் தரமாட்டார்கள். கிளையின் சுவரில் தவறுதலாக 2018ஆம் ஆண்டு நாள்காட்டி தொங்குகிறது, காசாளரும் அதையே நம்புகிறார் என்று கற்பனை செய்யுங்கள். இன்று எழுதிய நல்ல காசோலையையும் அவர் ‘இன்னும் நாள் வரவில்லை’ என்று திருப்பித் தந்துவிடுவார். காசோலையில் குற்றமில்லை, நாள்காட்டியில்தான் குற்றம்.

உலாவியும் அந்தக் காசாளரைப் போன்றதே. அது நாள் பார்ப்பது உங்கள் கணினியின் கடிகாரத்தில். கடிகாரம் பல ஆண்டு பின்தங்கியிருந்தால், வங்கியின் செல்லுபடியாகும் சான்றிதழும் அதற்கு ‘இன்னும் நடைமுறைக்கு வராதது’ என்றே தோன்றும். பெரியவரின் கணினியில் நிகழ்ந்தது இதுதான்.

கடிகாரம் ஏன் பின்தங்குகிறது?

மேசைக்கணினியின் உள்ளே, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில், நாணயம் போன்ற வட்டமான மின்கலம் ஒன்று செருகப்பட்டிருக்கும். பெரும்பாலான கணினிகளில் அதன் பெயர் ‘சிஆர்2032’. அந்த எண்ணிலேயே அதன் அளவு அடங்கியுள்ளது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் வராத வேளையிலும் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் பணி.

சுவரிலுள்ள சுவிட்ச் போட்டபடியே இருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் தாய்ப்பலகைக்கு வந்துகொண்டிருக்கும். மின்கலத்துக்கு வேலை குறைவு. நம் வீடுகளிலோ சிக்கனத்தையும் இடி மின்னலையும் எண்ணிச் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அது நல்ல பழக்கமே. ஆயினும் அப்போது கடிகாரம் மின்கலத்தை மட்டுமே நம்பி ஓடுகிறது. சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்துவிட்டால் கடிகாரம் நின்றுபோகும், அல்லது தயாரிப்பாளர் குறித்துவைத்த பழைய தேதிக்கே திரும்பிவிடும்.

‘இணையம்தான் இருக்கிறதே, கணினி தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா?’ என்று கேட்கலாம். வேறுபாடு சிறிதாக இருந்தால் திருத்திக்கொள்ளும். மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ தவறியிருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவது உண்டு. அப்போது நாம்தான் கையால் சரிசெய்ய வேண்டும்.

பழுது எங்கே? ஐந்து வினாக்கள்

பழுது பார்ப்பதில் முதன்மையான கலை, பழுது இல்லாத இடங்களை ஒவ்வொன்றாக விலக்குவது. பின்வரும் வினாக்களை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தேதியும் நேரமும் சரியா? திரையின் கீழ் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றையும் படியுங்கள். மணியை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். தவறாக இருந்தால் விண்டோஸ் அமைப்புகளில் ‘நேரமும் மொழியும்’ என்ற பகுதிக்குச் சென்று திருத்துங்கள். நேர மண்டலம் இந்தியாவுக்கு உரியதாக, உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு உலாவியை மூடித் திறந்து பாருங்கள்.

2. திறக்காதது ஒரே தளமா, எல்லாத் தளங்களுமா? எல்லாத் தளங்களும் எச்சரித்தால் ஐயம் உங்கள் கணினியின்மீது விழ வேண்டும். வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை என்றால், முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். இந்திய வங்கிகள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் தனி முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. எனவே பழைய புத்தகக்குறியை நீக்கிவிட்டுப் புதிய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சேமித்துக்கொள்ளுங்கள்.

3. வேறு இணைப்பில் திறக்கிறதா? வீட்டு வைஃபையைத் துண்டித்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். இப்போது திறந்தால் பழுது ரூட்டரிலோ இணையச் சேவையிலோ உள்ளது. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள்.

4. மறைநிலைச் சாளரத்தில் திறக்கிறதா? உலாவியின் பட்டியலில் இந்த வசதி உள்ளது. அதில் திறந்து, வழக்கமான சாளரத்தில் திறக்கவில்லை என்றால், உலாவி சேமித்துவைத்த பழைய கோப்புகள், குக்கீகள், நீட்சிகள் ஆகியவற்றில் ஒன்று தடையாக இருக்கிறது. முதலில் நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பிறகு வங்கித் தளத்துக்கு உரிய குக்கீகளை மட்டும் அழியுங்கள்.

5. உலாவி காலத்துக்கு ஏற்றதா? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வுபெற்றுவிட்டது. விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்கும் கடைசிக் குரோம் பதிப்பு 109. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி நன்றாக ஓடினாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அமைப்பில் பணப் பரிமாற்றம் செய்வது உகந்ததன்று.

முதல் வினாவிலேயே விடை கிடைத்து, தேதியைத் திருத்தியதும் பக்கம் திறந்துவிட்டதா? வேலை பாதிதான் முடிந்தது. சுவர் சுவிட்சை ஓர் இரவு முழுதும் அணைத்துவைத்து, காலையில் மீண்டும் பாருங்கள். தேதி மறுபடியும் பின்சென்றிருந்தால் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம். கணினி தொடங்கும்போது எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நிற்பதும் இதற்கு ஓர் அறிகுறி.

மின்கலத்தை மாற்றும் முறை

மேசைக்கணினியில் இதை வீட்டிலேயே செய்யலாம். மடிக்கணினியாக இருந்தாலோ, கணினிக்கு இன்னும் உத்தரவாதக் காலம் இருந்தாலோ பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

கணினியை முறைப்படி நிறுத்திச் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்குங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் உறுப்புகளைக் கெடுக்காதிருக்க, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். மின்கலம் இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் புதியதிலும் இருக்க வேண்டும். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை மெல்லத் தள்ளினால் மின்கலம் எழும்பும். புதியதை வைத்து மூடியை மாட்டுங்கள். கணினி தொடங்கியதும் தேதியைச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய மின்கலத்தை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும் ஆபத்து உண்டு. அவ்வாறு நேர்ந்தால் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செய்யக் கூடாத மூன்று

ஒன்று: எச்சரிக்கையை மீறி உள்ளே செல்லாதீர்கள். ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற வழியை உலாவி சில தளங்களில் தரும். இன்று கடிகாரப் பழுதால் வந்த எச்சரிக்கையை மீறிப் பழகியவர், நாளை போலித் தளத்தால் வரும் எச்சரிக்கையையும் மீறுவார். இரண்டும் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டு: திரையில் தோன்றும் எண்ணை அழைக்காதீர்கள். ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே அழையுங்கள்’ என்று முழுத்திரையில் ஒலியோடு வரும் அறிவிப்பு ஓர் இணையப் பக்கம் மட்டுமே. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இராது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆல்ட் விசையையும் எஃப்4 விசையையும் சேர்த்து அழுத்தி உலாவியை மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கவா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மூன்று: யார் சொன்னாலும், உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் செயலியை நிறுவாதீர்கள். வங்கி ஊழியர் எவரும் கடவுச்சொல்லையோ, ஒருமுறைக் கடவுச்சொல்லையோ, அட்டையின் ரகசிய எண்ணையோ கேட்கமாட்டார். உதவி வேண்டுமானால், கணக்கேட்டிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணை அழையுங்கள். அல்லது கிளைக்கு நேரில் வாருங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

ஏமாந்தோம் என்று உணர்ந்த பலர் வீட்டாரிடம் சொல்லவும் கூசி, ஒரு நாள் இரண்டு நாள் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தயக்கமே பெரிய இழப்பாக முடியும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் இழப்பு ஏற்பட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு அவரையே சாரும். தெரிவித்தபின் நிகழும் இழப்பு வங்கியைச் சாரும். வங்கியின்மீதும் வாடிக்கையாளர்மீதும் தவறில்லாத மோசடியாக இருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. ஆகவே கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பயிற்சி

அ. காலை பத்து மணிக்கு மணி சரியாகக் காட்டுகிறது; ஆனால் ஆண்டு 2019 என்று உள்ளது. வங்கிப் பக்கம் திறக்குமா?
ஆ. வீட்டு வைஃபையில் திறக்காத பக்கம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது. உலாவியை நீக்கி மீண்டும் நிறுவுவது பயன் தருமா?
இ. தேதி ஒவ்வொரு நாளும் சரியாகவே உள்ளது. ஒரே ஒரு தளம் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை தருகிறது. என்ன செய்வீர்கள்?

விடைகள்: அ. திறக்காது, ஆண்டைத் திருத்த வேண்டும். ஆ. தராது, பழுது ரூட்டரிலோ இணையச் சேவையிலோ உள்ளது. இ. முகவரியைச் சரிபார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் தளத்துக்குள் செல்லாமல், அச்சிட்ட எண்ணில் வங்கியிடம் கேட்க வேண்டும்.

இப்பக்கத்தை வெட்டி எடுத்துக் கணினி மேசைக்கு அருகில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில், கணக்கேட்டிலுள்ள வங்கி எண்ணையும் 1930 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். அப்படி எழுதிவைத்தால், பதற்றமான வேளையில் எண்ணைத் தேடி அலைய வேண்டியிராது.